பின்னால் நடப்பவர்கள்: பழநி மலையில் மூன்று நாள்

வியாழன் இரவு, கொடைக்கானல்

மதியம் திண்டுக்கல்லில் பஸ் ஏறினோம். வத்தலக்குண்டில் டீ. டம் டம் பாறையைத் தாண்டியதும் ஜன்னல் கம்பி கையில் சில்லிட்டது. பெருமாள்மலை வருவதற்குள் ஏழு பிள்ளைகளும் ஸ்வெட்டருக்குள் புகுந்துவிட்டார்கள். ஊர் வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஏரிப்பக்கம் போகக்கூட நேரமில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் பூம்பாறை போக வேண்டும்.

எதற்கு இந்தப் பயணம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எடின்பரோ கோமகன் பிலிப் 1956-ல் பிரிட்டனில் தொடங்கிய விருதுத் திட்டம் ஒன்று இருக்கிறது. கூர்ட் ஹான் என்ற ஜெர்மானியக் கல்வியாளரின் யோசனையிலிருந்து பிறந்தது. இந்தியாவுக்கு 1962-ல் வந்தது. 14 வயது முதல் 24 வயது வரை யாரும் சேரலாம். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிகள். வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒரு சேவை, ஒரு திறன், ஒரு உடற்பயிற்சி என்று மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். கூடவே ஒரு சாகசப் பயணம். வெள்ளி என்றால் மூன்று பகல், இரண்டு இரவு. பாதையைப் பிள்ளைகளே திட்டமிட வேண்டும், சுமையைப் பிள்ளைகளே சுமக்க வேண்டும், சமையலும் அவர்களுடையதே. முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. நேற்றைய தன்னோடு மட்டும்தான் போட்டி. 'ட்யூக் ஆஃப் எடின்பரோஸ் இன்டர்நேஷனல் அவார்டு' என்று அதற்கு நீளமான பெயர் உண்டு. எங்கள் பள்ளியில் எப்போதும் 'அவார்டு' தான்.

நான் அதே பள்ளியில் படித்தவள். 2007-ல் வெள்ளி வாங்கினேன், பிறகு கல்லூரியில் தங்கம். அந்தச் சான்றிதழ்கள் என் வீட்டுச் சுவரில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. அவற்றில் என் பெயர் இருக்கிறது. என்னைக் கூட்டிக்கொண்டு மலை ஏறிய கணக்கு டீச்சரின் பெயர் இல்லை. இத்தனை வருஷத்தில் அதை நான் கவனிக்கவே இல்லை என்பது, போன மாதம் டீச்சர் போன் செய்து, "பொம்பளைப் பிள்ளைங்க நாலு பேர் வர்றாங்கம்மா. துணைக்கு இன்னொரு ஆள் இருந்தா நல்லாருக்கும். வர்றியா?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. இந்த மே மாதம் அவர் ஓய்வு பெறுகிறார். லீவு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இரவு சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தூங்கிய பிறகு டீச்சர் கட்டிலில் காகிதங்களைப் பரப்பினார். பெற்றோரின் ஒப்புதல் கடிதம் ஏழு. ரத்த வகை, ஒவ்வாமை, இரண்டு போன் நம்பர் எழுதிய அட்டை ஏழு. மேடு பள்ளம் காட்டும் வரைபடமான டோபோ ஷீட்டின் நகல். வனத்துறை அனுமதி. 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு அனுமதி இல்லாமல் காட்டுக்குள் ஒரு அடிகூட வைப்பதில்லை என்று உறுதியாக இருக்கிறார். பாதையில் பெரும்பகுதி ஊர்ச் சாலையும் தோட்டத்து வழியும்தான். காடு வருகிற துண்டில் மட்டும் வாட்சர் ஒருவர் எங்களோடு வருவார். ஒவ்வொரு காகிதத்தையும் எடுத்துப் பார்த்து, மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை இன்னொரு உறைக்குள் போட்டார்.

"எனக்கும் இப்படித்தான் வச்சிருந்தீங்களா டீச்சர்?"

"பின்ன?"

வெள்ளி, மன்னவனூர்

பூம்பாறையில் இறங்கியபோது ஊர் இன்னும் முழுசாக விழிக்கவில்லை. மலையைப் படிப்படியாக வெட்டிய வயல்கள். பூண்டு, கேரட், பீன்ஸ் என்று பச்சைக்குள்ளேயே பத்துப் பச்சை. ஓட்டுக் கூரைகளிலிருந்து அடுப்புப் புகை நேராக மேலே போனது. குழந்தை வேலப்பர் கோயில் வாசலில் பிள்ளைகள் கும்பிட்டுக்கொண்டார்கள். அருணகிரிநாதரைக் கொல்ல வந்த அரக்கியிடமிருந்து, முருகன் குழந்தையாக வந்து அவர் மேல் படுத்துக் காப்பாற்றினான் என்பது இந்தக் கோயில் கதை. குழந்தையோடு இருப்பவர் தாய் போலிருக்கிறது என்று அரக்கி திரும்பிப் போய்விட்டாளாம். பெரியவரைக் குழந்தை காப்பாற்றிய கதை. டீச்சர் அதைப் பிள்ளைகளிடம் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

குழுத் தலைவி பதினொன்றாம் வகுப்பு. வரைபடத்தைக் கோயில் படியில் விரித்து, இன்றைய பாதையை வாய்விட்டுச் சொல்லிக் காட்டினாள். பஸ்ஸில் போனால் சீக்கிரம் வந்துவிடும் மன்னவனூர், தோட்டங்களுக்குள் சுற்றி நடந்தால் ஒரு முழுப் பகல். டீச்சர் கேட்டது மூன்றே கேள்வி. தண்ணீர் எங்கே எடுப்பீர்கள்? ஒருவருக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? மாடு எதிரில் வந்தால்? காட்டு மாடு இந்தப் பக்கம் தோட்டத்துக்குள்ளேயே மேயும். நின்றுவிடுவோம், சத்தம் போட மாட்டோம், பின்னாலேயே நகர்ந்து வழி விடுவோம் என்றார்கள் பிள்ளைகள். சரி, கிளம்புங்கள் என்றார் டீச்சர்.

பிள்ளைகள் போய்ப் பத்து நிமிடம் கழித்துப் பி.டி. சார் கிளம்பினார். அவருக்குப் பின்னால் நானும் டீச்சரும். கண்ணில் படக் கூடாது, கூப்பிட்டால் கேட்க வேண்டும், அதுதான் தூரம். சேர்ந்து நடக்கலாமே என்று முதல் ஒரு மணி நேரம் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. முன்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும், வளைவு திரும்பினால் ஆள் இருக்க மாட்டார்கள். ஒரு இடத்தில் ஆரஞ்சுத் தோல் கிடந்தது. டீச்சர் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "ராத்திரி கேப்பேன்" என்றார்.

பத்து மணி சுமாருக்கு அது நடந்தது. சீகை மரங்கள் அடர்ந்த ஒரு சரிவில் பாதை கவட்டையாகப் பிரிகிறது. தோல் பதனிடும் பட்டைக்காக ஒரு காலத்தில் நட்ட மரம் சீகை. இப்போது புல்வெளியையெல்லாம் விழுங்கிக்கொண்டு தானாகவே பரவுகிறது. அது மறைத்ததால் நேராகப் போகும் பாதை பிள்ளைகளின் கண்ணில் படவில்லை. இடதுபக்கம் இறங்கும் மண் பாதையில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மேல் வளைவிலிருந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"டீச்சர், தப்பாப் போறாங்க."

"ஆமா."

"கூப்பிடட்டுமா?"

டீச்சர் என் முழங்கையைப் பிடித்தார். அழுத்தமாகப் பிடிக்கவில்லை, சும்மா வைத்துக்கொண்டார். "அந்தப் பாதை எங்க போகும்னு தெரியும்மா. ரெண்டு தோட்டம் தாண்டி ஒரு ஓடை. அங்க வேலி போட்டிருக்கு. போன வாரம் சாரும் நானும் வந்து நடந்து பார்த்துட்டோம்."

பி.டி. சார் ஏற்கெனவே குறுக்கு வழியில் அந்த ஓடைக்கு இறங்கிவிட்டிருந்தார். பிள்ளைகளின் கண்ணில் படாமல் வேலிக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பார். டீச்சர் ஒரு பாறையில் உட்கார்ந்து பையைத் திறந்தார். உள்ளே பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு விடைத்தாள் கட்டு. சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தத் தொடங்கிவிட்டார். மூன்றாவது தாளில் ஒரு பையன் தேற்றத்தை நிறுவாமல் விட்டதற்கு உச்சுக்கொட்டினார்.

எனக்கு அந்த ஒரு மணி நேரம் பெரும்பாடாக இருந்தது. போய் நிறுத்திவிட்டால் ஒரு நிமிட வேலை. தெரிந்தவள் சொல்லிவிடலாமே என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. நாலு முறை எழுந்து நின்றேன். டீச்சர் நிமிரக்கூட இல்லை. ஆனால் இன்னொன்றும் பார்த்தேன்: பேனா ஓடிக்கொண்டிருந்தாலும், கீழே ஒரு நாய் குரைத்தபோது அவர் கை நின்றது. குரைப்பு ஓய்ந்த பிறகுதான் அடுத்த மதிப்பெண் விழுந்தது. விடைத்தாள் திருத்துவது நேரத்தைப் போக்க மட்டும் இல்லை, தன்னைப் பிடித்து உட்கார வைத்துக்கொள்ளவும்தான் என்று அப்போது தெரிந்தது.

கிட்டத்தட்ட பதினொன்றே காலுக்குச் சத்தம் மேலே வந்தது. சண்டை. குழுவிலேயே ரொம்பப் பேசாத கண்ணாடிப் பையன் குரல்தான் உயர்ந்திருந்தது: "காலையில கிளம்புனப்போ வெயில் முதுகுல அடிச்சுது. கீழ போறப்போ மூஞ்சியில அடிச்சுது. அப்பவே சொன்னேன், நீங்க யாரும் கேக்கலை." குழுத் தலைவி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சரி, நான்தான் கேக்கலை. இனிமே திருப்பத்துக்குத் திருப்பம் காம்பஸை நீ பாரு" என்றாள். சீகைக் கிளையை ஒதுக்கி நேர்ப் பாதையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். யாரோ இன்னொருவர் பையிலிருந்து அரிசியைத் தன் பைக்கு மாற்றிக்கொள்ளும் சத்தமும் கேட்டது.

டீச்சர் விடைத்தாளைக் கட்டி உள்ளே வைத்தார். முகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த ஏற்றத்தை அறுபது வயதுக்காரர் போல ஏறவில்லை.

2007-ல் நாங்களும் இப்படி ஒரு பாதை தவறினோம். ஒன்றரை மணி நேரம் அலைந்து, அழுது, நாங்களாகவே வழி கண்டுபிடித்துத் திரும்பினோம். யாருக்கும் தெரியாது என்று ஏழு பேரும் சத்தியம் செய்துகொண்டோம். இத்தனை வருஷமும் என் வாழ்க்கையில் எது சிக்கலானாலும் அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் நினைத்துக்கொள்வேன்: அன்றைக்கு நாமே வெளியே வந்தோம் அல்லவா என்று. இன்றைக்கு மதியம் டீச்சரிடம் கேட்டேன், அன்று அவருக்குத் தெரியுமா என்று.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். "ஞாபகம் இல்லையேம்மா. எத்தனையோ குழு தப்பாப் போயிருக்கு" என்றார். அப்புறம் வெகு சாதாரணமாக, "பின்னாடிதான் இருந்திருப்பேன். எங்க போயிடப் போறேன்?" என்றார்.

எனக்குப் பதில் பேச வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

மன்னவனூர் வந்து சேர மாலை நாலரை. புல்வெளி, கீழே ஏரி, மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையத்து ஆடுகள் சரிவெங்கும். உருளைக்கிழங்கு எடுத்து முடித்திருந்த தன் பட்டா நிலத்தில் கூடாரம் போட இடம் கொடுத்தார் ஒரு விவசாயி. காசு வேண்டாம் என்றவர், பிள்ளைகள் கூடாரம் அடிப்பதைக் கடைசி முளை இறங்கும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். இரவு ரவை உப்புமா. ஆரஞ்சுத் தோல் விசாரணையும் நடந்தது.

சனி, கவுஞ்சி

காலையில் கூடாரத்தின் மேல் உறைபனி. புல்லில் கால் வைத்தால் நொறுங்குகிறது. விரல் மடங்கவில்லை. பி.டி. சார் நாலரைக்கே எழுந்து, பிள்ளைகளின் அடுப்பைத் தொடாமல், தள்ளி எங்கள் அடுப்பில் எங்களுக்கு மட்டும் சுக்குக் காபி போட்டார். பிள்ளைகளின் அடுப்பு அரை மணி நேரம் பற்றவில்லை. அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். இவருக்கு இது இரண்டாவது வருஷம்தான். டீச்சரிடமிருந்து கற்றுக்கொண்டு வருகிறார் என்பது அந்த முதுகிலேயே தெரிந்தது.

இன்றைக்கு நடை குறைவு, வேலை அதிகம். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நோக்கம் இருக்க வேண்டும் என்பது விதி. இவர்கள் எடுத்துக்கொண்டது மலைப்பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கவுஞ்சியில் ஒரு பாட்டி வீட்டு அடுப்படியில் பிள்ளைகளை உட்கார வைத்துக் காட்டினார். தலைக்கு மேலே பரணில் பூண்டு கத்தை கத்தையாகத் தொங்குகிறது. கீழே விறகடுப்பு. புகை பட்டுப் பட்டு வெளித்தோல் பழுப்பேறியிருக்கிறது. "புகை குடிச்ச பூண்டுதான் கெடாது கண்ணு, அதைத்தான் விதைக்கு எடுப்போம்" என்றார். வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு போவதையும், ஒரு மழை அதிகமானால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். வந்த ஏழு பேருக்கும் ஒவ்வொரு பூண்டு கொடுத்தார். ஒரு பிள்ளை நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயந்திரம் பிள்ளைகள் லாக் புக் எழுதும்போது ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்டேன்: உனக்கு யார் கையெழுத்துப் போடுகிறார்கள்? இந்தத் திட்டத்தில் சேவை, திறன், உடற்பயிற்சி ஒவ்வொன்றையும் ஒரு பெரியவர் மாதக்கணக்கில் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அப்பா, அம்மா, சொந்தக்காரர்கள் எழுதினால் செல்லாது. வேற்று மனிதர் ஒருவர் உன் பிள்ளையை வாரா வாரம் கவனித்தாக வேண்டும். சம்பளமில்லாமல்.

குழுத் தலைவிக்குச் சிலம்ப ஆசான். எழுபது வயது. இப்போது பதிவெல்லாம் ஆன்லைனில் என்பதால் அவருக்குக் கைவரவில்லை. மாதம் ஒரு முறை டீச்சர் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல அப்படியே தட்டச்சு செய்கிறாராம். "இந்தப் புள்ளைக்கு வலது கால் இன்னும் சரியா ஊனல" என்று அவர் சொன்னது அந்த அறிக்கையில் அதே சொற்களில் இருக்கிறது. கண்ணாடிப் பையன் ஆறு மாதமாக நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை ஒட்டுகிறான், அவனுக்கு நூலகர். இன்னொருத்தி சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித் தருகிறாள். அவளுக்கு அங்கன்வாடி அக்கா. முதலுதவிக்கு ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கு வந்து, சாப்பிடாமல்கூடப் போவாராம்.

அந்த நர்ஸம்மாவை நான் பார்த்ததில்லை. ஆனால் இன்று இரவு பார்த்த மாதிரி இருந்தது. ஒரு பையனுக்குக் குதிகாலில் கொப்புளம். இரண்டு பிள்ளைகள் டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்து, கையைக் கழுவி, கொப்புளத்தை உடைக்காமல் சுற்றிலும் பஞ்சு வைத்துக் கட்டினார்கள். கட்டி முடித்ததும் ஒருத்தி அவன் கால் விரல் நகத்தை அழுத்தி, விட்டு, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தாள். "இறுக்கிக் கட்டிட்டா ரத்தம் ஓடாது, அம்மா சொன்னாங்க" என்றாள். அவள் 'அம்மா' என்றது நர்ஸம்மாவை.

ஐயா, அம்மா, ஆசான், நூலகர் சார், அங்கன்வாடி அக்கா, மன்னவனூரில் இடம் கொடுத்த அண்ணன், காட்டுத் துண்டில் எங்களோடு வந்து டீகூட வாங்கிக்கொள்ளாத வாட்சர் தம்பி, உங்கள் எல்லோருக்கும் நன்றி. இந்தப் பிள்ளைகள் இப்போது சொல்ல மாட்டார்கள். எனக்கே பதினெட்டு வருஷம் ஆகியிருக்கிறது. அதனால் அவர்கள் சார்பில் நான் இன்றைக்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிறு, பூண்டி, பிறகு திண்டுக்கல்

விடியற்காலையிலேயே கிளம்பினார்கள். பனிமூட்டம். கால் வலித்தவனின் பை மற்ற ஆறு பேரிடமும் பிரிந்திருந்தது. திருப்பத்துக்குத் திருப்பம் நின்று கண்ணாடிப் பையன் காம்பஸ் பார்க்கிறான், தலைவி வரைபடத்தில் விரல் வைக்கிறாள், பிறகுதான் நடக்கிறார்கள். எங்களுக்குப் பின்னால் நடப்பதைத் தவிர வேலையே இல்லை. நான் இன்று ஒரு முறைகூட எழுந்து நிற்கவில்லை.

பூண்டி பஸ் நிறுத்தத்தில் மதியம் பயணம் முடிந்தது. வெளியிலிருந்து வந்திருந்த மதிப்பீட்டாளர் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினார். நாங்கள் மூவரும் சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் இருந்தோம். பாதை தவறியதைத் தலைவி தானாகவே சொன்னாளாம். "யாருமே இல்ல சார், நாங்களே கண்டுபிடிச்சு வந்தோம்" என்றாளாம். மதிப்பீட்டாளர் வந்து இதைச் சொன்னபோது டீச்சர் டீயைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். பி.டி. சார், வேலிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றவர், "ஆமாங்க சார், ரொம்பக் கெட்டிக்காரப் பிள்ளைங்க" என்றார். நானும் அதையே சொன்னேன். அந்த ஒரு மணி நேரம் அவர்களுடையது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது இரவு ஒன்பது. பெற்றோர்கள் காத்திருந்தார்கள். பைக்குகள், ஒரு ஆட்டோ, வடுகபட்டியையும் புகைப் பூண்டையும் பற்றி ஒரே நேரத்தில் ஏழு குரல். பிள்ளைகள் கையாட்டிவிட்டு ஓடினார்கள். டீச்சர் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். நாலு. அஞ்சு. ஆறாவது பையனின் அப்பா வரத் தாமதமானது. கொப்புளக்காரன்தான் அது. அவனோடு பெஞ்சில் உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் அவன் சொன்னதையெல்லாம் கேட்டார். அப்பா வந்ததும் கால் கட்டைக் காட்டி, நாளைக்கு மாற்றச் சொல்லி அனுப்பினார். ஏழாவதாகத் தலைவி. அவளை நாங்களே வீட்டில் விட்டோம்.

ஆட்டோவில் டீச்சரின் மடியில் பொதுச் சமையல் பாத்திரங்கள். நன்றி சொல்ல வேண்டும் என்று கொடைக்கானலிலிருந்தே வார்த்தை தேடிக்கொண்டு வந்தேன். அவர் வீட்டு வாசலில் பாத்திரப் பையை இறக்கும்போது, "பதினெட்டு வருஷம் லேட்டா சொல்றேன் டீச்சர், ரொம்ப நன்றி" என்றேன்.

என் கன்னத்தைத் தட்டிவிட்டு, "அடுத்த வருஷம் சாரு தனியாத் தவிப்பாரு. தங்கத்துக்கு நாலு பகல், மூணு ராத்திரி. நீ வருவியாம்மா?" என்றார்.

வருவேன் என்றேன்.

"சரி, போய்த் தூங்கு. காலையில ஏழரைக்குக் கொடியேத்தம். நான் சேலை இன்னும் இஸ்திரி போடலை."